விசா இல்லாத விருந்தாளிகள்!

பல்லாவரம் - துரைப்பாக்கம் ரோட்டில் போகிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்ததும் தூங்கிவிடாதீர்கள், சார்! வெளியே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி நடை பழகும். சீசனில் பூநாரைகள் வந்து ஒற்றைக் காலில் நிற்கும் - நம் ஆபீஸ் டைம் பஸ் மாதிரியே!

வெறும் வேடிக்கையில்லை. சுற்றுவட்டார ஏரிகளில் வழியும் தண்ணீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவது இதுதான். கட்டடங்களும் குப்பைக் கிடங்கும் விழுங்கியது போக, மிச்சத்தில் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் ஈரநில அந்தஸ்து கிடைத்தது.

காமர்ஸ் புத்தியில் சொல்கிறேன்: இது ஃபிக்ஸட் டெபாசிட். கை வைத்தால் அபராத வட்டி வாசலுக்கே வரும், 2015 டிசம்பரில் வேளச்சேரிக்கு வந்த மாதிரி!

பிளாட் புக் பண்ணப்போகும் தம்பிகளே, முதலில் கேளுங்கள்: ஏரி தெரிகிற வீடா, ஏரிக்குள்ளேயே வீடா?