மூன்று நாளில் ஒன்று, முப்பத்தோரு வருடத்தில் ஒன்று

கோள்களைக் கணக்கிட்டவர்கள் – 9

1979 மார்ச் 2ஆம் தேதி வெளியான ‘சயின்ஸ்’ இதழில் மூன்றே பக்கத்துக்கு ஒரு கட்டுரை. எழுதியவர்கள் மூவர். ஸ்டான்டன் பீல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பேராசிரியர். பேட்ரிக் கேசனும் ரே ரெனால்ட்ஸும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காரர்கள். வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோவின் உட்புறம் பெரும்பாலும் உருகிக் கிடக்க வேண்டும், மேற்பரப்பில் எரிமலைகள் இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. வாயேஜர்-1 அயோவைக் கடக்க அப்போது மூன்று நாள்தான் பாக்கி. கட்டுரை ஒரு மாதம் தள்ளி அச்சேறியிருந்தால் அதை முன்கணிப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அயோ நம் நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இத்தனை சின்ன உருண்டை எப்போதோ ஆறிப்போயிருக்க வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். பீல் பார்த்தது அதன் பாதையை. அயோ வியாழனை நான்கு முறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறையும் கனிமீட் ஒரு முறையும் சுற்றும். லாப்லாஸ் காலத்திலிருந்தே தெரிந்த தாளக்கட்டு இது. இந்த ஒழுங்கான இழுப்பால் அயோவின் பாதை முழு வட்டமாக முடிவதில்லை. நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வியாழனை நெருங்கி விலகுகிறது. வியாழனின் ஈர்ப்பில் பாறைத் தரையே நூறு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளைந்த இடம் சுடுமே, அதே கதைதான். பாதையும் பழைய செய்தி, உராய்வு சூடாகும் என்பதும் பழைய செய்தி. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தார்கள் இந்த மூவரும்.

மார்ச் 5 அன்று வாயேஜர் அயோவைக் கடந்தது. படங்களில் விண்கற்கள் விழுந்த வட்டப் பள்ளங்களே தென்படவில்லை. தரை புதிது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. கலத்தின் வழியைச் சரிபார்க்கும் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ, பின்னணி நட்சத்திரங்களுக்காக எடுத்த ஒரு படத்தை 9ஆம் தேதி பிரகாசமாக்கிப் பார்த்தார். அயோவின் விளிம்புக்கு வெளியே குடைபோல ஒரு மேகம், 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில். அவ்வளவு உயரத்துக்கு மேகத்தைத் தாங்கும் காற்று அயோவில் கிடையாது. எரிமலைதான்.

இப்படி ஓர் ஆய்வாளரை இன்று எடைபோடுவது எப்படி? எச்-இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்தது. முப்பது கட்டுரைகளுக்குத் தலா முப்பது மேற்கோளாவது கிடைத்திருந்தால் உங்கள் எண் முப்பது. இதில் அயோ கட்டுரையும் ஒன்றுதான், முப்பது பேர் அடிக்குறிப்பில் தொட்டுப்போன கட்டுரையும் ஒன்றுதான். எனக்கு இந்த எண்மேல் பெரிய மரியாதை கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களுக்கு உண்டு, அதுதான் தொல்லை.

பீலின் இன்னொரு கட்டுரையை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். 1976, ‘நேச்சர்’ இதழ். புதனின் மையம் உருகியிருக்கிறதா என்பது கேள்வி. புதனுக்குக் காந்தப்புலம் இருப்பதை மரைனர்-10 அப்போதுதான் காட்டியிருந்தது. புதன் நீள்வட்டப் பாதையில் போவதால் சூரியனின் இழுப்பு 88 நாளுக்குள் அதன் சுழற்சியை ஒருமுறை முடுக்கி ஒருமுறை தளர்த்தும். கோள் முழுக்கக் கெட்டி என்றால் மொத்த எடையும் அசைய வேண்டும். ஆட்டம் சிறிதாக இருக்கும். மையம் திரவம் என்றால் மேலோடு மட்டும் தனியே ஆடும், ஆட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஈர்ப்பைச் சொல்லும் எண்கள் இரண்டு, அச்சின் சாய்வு, இந்த ஆட்டம் ஆக நான்கு அளவுகள் போதும், கோளைத் தொடாமலே விடை சொல்லலாம் என்றார் பீல். அந்த நுட்பத்தில் அளக்க அன்று யாரிடமும் வழியில்லை.

வழி வந்தது 2002இல். ழான்-லூக் மார்கோ குழுவினர் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து 70 மீட்டர் ஆன்டெனாவால் புதன்மேல் ரேடார் அலையை அடித்தார்கள். திரும்பிவரும் எதிரொலி ஒரே சீராக இருக்காது. திட்டுத் திட்டாக, புதன் சுழலச் சுழல பூமியின்மேல் நகர்ந்து போகும். அதே திட்டு கோல்ட்ஸ்டோனுக்கும் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் தொலைநோக்கிக்கும் சில விநாடி இடைவெளியில் வந்து சேரும். அந்த இடைவெளியிலிருந்து சுழற்சி வேகம் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியமாகக் கிடைத்தது. இகோர் ஹோலின் என்ற ரஷ்யர் கொடுத்த யோசனை இது. 2007 மே மாதம் முடிவு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது: மேலோடு தனியே ஆடுகிறது, மையம் முழுக்கக் கெட்டி இல்லை. கட்டுரையாளர் வரிசையில் இரண்டாவது பெயர் பீல். அவருக்கு அப்போது வயது 70.

ஈர்ப்பு எண்கள் மட்டும் மரைனர்-10 கொடுத்த பழைய, தோராயமான எண்கள். 2011இல் மெசஞ்சர் கலம் புதனைச் சுற்றத் தொடங்கிய பிறகே அவை திருத்தமாகக் கிடைத்தன.

புதன் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை தன்னைத்தானே சுழல்கிறது என்று 1965இல் கண்டுபிடித்துச் சொன்ன பதுவா நகரப் பேராசிரியர் கொலம்போவைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)