பாட்டனார் பிறந்த ஊர் எது?

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் வருஷம் அவதரித்த ஸ்ரீ ராமாநுஜரின் தந்தையார் ஆசூரி கேசவ ஸோமயாஜி என்றும், தாயார் காந்திமதி என்றும், திருநட்சத்திரம் சித்திரைத் திருவாதிரை என்றும் அவ்வூர்ச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆயிரம் வருஷத்துச் செய்தி அது. ஆனால், அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து 150 வருஷங்களுக்கு முன் கப்பல் ஏறிப் போன உழவன் ஒருவனின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டால், ஊரே வாய் மூடி நிற்கும். இந்த வித்தியாசத்தின் காரணத்தை நாம் சிறிது ஆராய்வோம்.

நம்மில் பலர் வீட்டில் தர்ப்பணம் செய்யும்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். நான்காவது பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். ஞாபகத்தின் எல்லை அவ்வளவுதான். அதற்கு அப்பால் வேண்டுமானால் ஏட்டைத்தான் நாட வேண்டும்.

ஏட்டை நாடும் வித்தையில் பிரிட்டிஷ் தீவிலுள்ள வேல்ஸ் நாட்டார் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் வைப்பதுபோல், பழைய வேல்ஸ் மக்களும் தந்தை பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். 'அப்' என்றால் மகன். 'அப் ரீஸ்' என்பது நாளடைவில் பிரைஸ் ஆயிற்று. 'அப் ஹியூ' என்பது பியூ ஆயிற்று. தலைமுறைதோறும் பெயர் மாறினால் வம்சத்தை எவ்வாறு பின்தொடர்வது? 1538-இல் ஏற்பட்ட உத்தரவின்படி மாதா கோயில்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வந்த புத்தகங்கள் அவர்களுக்கு உதவுகின்றன. 1841 முதல் எடுத்த குடிக்கணக்கில் வீட்டிலுள்ளோர் பெயரெல்லாம் இருக்கின்றன. 1851-ஆம் வருஷக் கணக்கில் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தைப் பற்றிக்கொண்டே பேரன்மார் பாட்டன் பிறந்த கோயிலுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

நமது நாட்டிலும் 1872 முதல் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆனால், தொகையை மட்டும் அச்சிட்டு வைத்துக்கொண்டு, வீடுவாரியாகப் பெயரெழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. சர்க்காருக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை, மனிதன் அல்ல. பிறப்பு இறப்புப் பதிவும் 1969-ஆம் வருஷச் சட்டத்தினால்தான் நாடெங்கும் கட்டாயமாயிற்று.

அப்படியானால் நமக்கு ஏடே இல்லையா என்று நேயர்கள் மனம் சோர வேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சீமைக்கு ஓர் அரிய கணக்கு உண்டு. ஆர்க்காட்டு நவாப் 1763-இல் அச்சீமையைக் கும்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பார்னார்டு என்ற எஞ்சினீயர் அங்குள்ள ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், நெசவாளர் எத்தனை குடி, குயவர் எத்தனை குடி, விளைச்சலில் கோயிலுக்கும் வைத்தியருக்கும் எவ்வளவு பங்கு என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. நமது ஊர்க் கணக்கர்கள் எழுதிய பனையோலைகளே அதற்கு ஆதாரம். அவ்வோலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மறைந்து கிடந்த இக்கணக்கை உலகறியச் செய்தவர் காந்தீயவாதியான தரம்பால்.

இனி, கடலுக்கு அப்பாலுள்ள ஏட்டைப் பார்ப்போம். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் நேட்டாலுக்கு இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் மொத்தம் 1,52,184 பேர். 1894-இல் எஜமானனால் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியடிகள் முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரே.

இவர்களை ஆடுமாடுகளைப்போல் எண்ணிட்டு எழுதினார்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலிலுள்ள தழும்பு – இத்தனையும் கப்பல் பதிவேட்டில் உண்டு. அடிமைத்தனத்தின் பொருட்டு எழுதிய அந்த ஏடே இன்று கொள்ளுப்பேரர்களுக்குக் குலதனமாகிவிட்டது. விதியின் விசித்திரத்தை என்னென்பது!

ஆயினும் வழி எளிதன்று. தமிழறியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். ழகரமும் ளகரமும் லகரமும் அவன் எழுத்தில் ஒன்றே. புதூர், புத்தூர், பெரும்புதூர் எல்லாம் ஒன்றோடொன்று மயங்கும். 'செங்கல்பட்டு ஜில்லா' என்ற சொல்லை நம்பி இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் தேடுகிறவர் ஏமாந்து போவார். பழைய ஜில்லா இன்று காஞ்சிபுரம், திருவள்ளூர் முதலிய மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஆகையால் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல், தாணாவையும் சாதியையும், அதே கப்பலில் அடுத்த எண்களில் வந்தவர்களின் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறவினர் பெரும்பாலும் அடுத்தடுத்தே பெயர் கொடுத்திருப்பார்கள்.

ஊர் அகப்பட்டாலும், அங்கே போய் யாரைக் கேட்பது? பரம்பரையாகக் கணக்கு எழுதி வந்த கர்ணம் உத்தியோகம் 1980-இல் தமிழ்நாட்டில் எடுபட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹ்யுண்டாய் மோட்டார் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தொழில் வளர்வது நாட்டுக்கு நன்மையே. ஆனால், நிலம் கை மாறும்போது, 'இது இன்னார் களம், அது இன்னார் கொல்லை' என்று சொல்லக்கூடிய கிழவர்களின் பேச்சுக்கு ஆதாரமான அடையாளங்களும் போய்விடுகின்றன. எல்லைக் கல்லைப் பெயர்த்த பிறகு சாட்சி எங்கே?

ஆகவே நேயர்களுக்கு நம்முடைய விண்ணப்பம் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பழைய பத்திரங்களைக் கறையானுக்கு விடாதீர்கள். பாட்டியை உட்கார வைத்து, அவளுடைய தாய் பிறந்த ஊரையும், குலதெய்வத்தின் பெயரையும், குடும்பத்தில் கடல் கடந்து போனவர் உண்டா என்பதையும் கேட்டு, வருஷம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தர்ப்பணத்தில் பெண்வழியும் மூன்று தலைமுறையோடு நிற்கிறது. பட்டாவிலோ அவர்கள் பெயர் அருமை. டர்பனிலிருந்து ஒருவர், கையில் ஓர் எண்ணையும் தகப்பன் பெயரையும் வைத்துக்கொண்டு நாளை நம் வாசலில் வந்து நிற்கக்கூடும். அப்போது, "தெரியாது" என்று சொல்லாமல், "உள்ளே வாருங்கள்" என்று சொல்லும் பாக்கியம் நமக்குக் கிட்ட வேண்டாமா?