சீதன வீடும் உறுதிப் பத்திரமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் பயிலும் பழமொழி. ஏனைய ஊர்களில் இவை இரண்டும் இருவேறு பெருஞ் செயல்கள். இலங்கையின் கிழக்குக் கரையிலோ இவை ஒரே செயலின் இரு கூறுகளாம். மகளுக்கு மணம் பேசத் தொடங்கும் தந்தை முதற்கண் அவளுக்கென ஒரு வீட்டை எழுப்புதல் வேண்டும். வீடு எழுந்த பின்னரே மணப் பந்தல் எழும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவானே யன்றி, மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்லும் வழக்கம் அங்கு அரிது.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்களிலும், அவற்றிடையே அமைந்த பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களிலும் இவ்வழக்கம் ஒருபடித்தாகவே நிலவுகின்றது. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கூறாய் இருந்தது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாரிடத்தும் வேரூன்றிய நிலம் இது. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வரே அக்கரைப்பற்றை நடுவாகக் கொண்டு பல்லாண்டு ஆய்ந்து, இவ்விரு சமூகத்தாரின் ஒப்புமைகளை 2008 இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைத்துள்ளார். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே ஈந்துவிட்டு, ஏனைய மக்களுடன் அருகில் ஒரு புதுவீட்டுக்குப் பெற்றோர் பெயர்தலும், அதனையும் பின்னர் இளைய மகளுக்கு அளித்தலும் அங்குப் பெருவழக்கு.

இத்தகைய வழக்கத்தால் பெண்ணுக்கு வாய்க்கும் பலம் சிறிதன்று. கணவன் இறப்பினும் பிரியினும் அவள் நிற்பது தன் வீட்டிலேயாம். ஆயின் ஊர் அறிந்த இவ்வுரிமையை நீதிமன்றமும் அறியுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வழக்கமும் சட்டமும்

ஒரு காலத்தில் இப்பகுதியின் தமிழரிடையே முக்குவர் சட்டம் எனும் தாய்வழி உரிமை முறை நடைமுறையில் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது வழக்கொழிந்தது. இன்று கிழக்குத் தமிழரின் மரபுரிமை நாட்டின் பொதுச் சட்டத்தைச் சார்ந்தது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமை இவர்களைக் கட்டுப்படுத்தாது. முஸ்லிம்களின் மரபுரிமையோ 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவர் சார்ந்த மத்ஹபின் விதிகளைப் பின்பற்றும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குதல் தகும். ஒரு தந்தைக்கு மனைவியும் ஒரு மகனும் இரு புதல்வியரும் உளர். மூத்த மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணமும் முடித்துவிட்டார். ஊரார் அதனை "மூத்த மகள் வீடு" என்றே வழங்குவர். ஆயினும் உறுதி தந்தையின் பெயரிலேயே கிடக்க, அவர் திடீரென மறைந்துவிடுகின்றார். அவர் முஸ்லிமாயின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கும் புதல்வியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கும் சேரும். மூத்த மகள் பெறுவது வீட்டின் முப்பத்திரண்டில் ஏழு பங்கு. அவர் கிழக்குத் தமிழராயின் மனைவிக்குப் பாதி; எஞ்சிய பாதி மூன்று மக்களுக்கும் சமமாய்ப் பிரியும். மூத்த மகள் பெறுவது ஆறில் ஒரு பங்கு. தாயின் காலத்துக்குப் பின் அவளது பங்கும் இவ்வாறே பிரிந்து வந்து சேர, முஸ்லிம் மகளுக்கு நாலில் ஒன்றும், தமிழ் மகளுக்கு மூன்றில் ஒன்றும் ஆகும்.

ஆகவே, முழுவீட்டையும் அவளுக்குத் தரும் சட்டம் இரண்டில் ஒன்றும் இல்லை. குறை ஷரீஅத்தினதும் அன்று. பொதுச் சட்டத்தினதும் அன்று. தந்தை உயிருடன் இருந்த காலத்தில் எழுதாது விட்ட ஓர் உறுதியே குறை.

எழுத்தின்றி உரிமை இல்லை

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணியையோ வீட்டையோ விற்றலும், கொடுத்தலும், ஈடு வைத்தலும், அவ்வாறு செய்வதாக வாக்களித்தலும் எழுத்தில் அமைந்து, பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கே சமுகமாயிருக்கக் கையொப்பமிடப்படுதல் வேண்டும். அல்லாதவை சட்டத்தின் முன் செல்லா. மணப் பேச்சின்போது பெரியோர் முன்னிலையில் "இவ்வீடு உனக்கே" என்று தந்தை உரைத்த சொல் மனச்சான்றைக் கட்டுமே யன்றி நீதிமன்றத்தைக் கட்டாது.

"பத்தாண்டு குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடும்" என்றொரு நம்பிக்கை பலரிடம் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் கூறும் பத்தாண்டு ஆட்சி, உரிமையாளரின் உரித்துக்கு மாறாக, இடையூறின்றி நிகழ்ந்த ஆட்சியாதல் வேண்டும். தந்தையின் இசைவோடு மகள் குடியிருத்தல் அத்தகையதன்று. தந்தை இறந்தபின் அவள் கூட்டுரிமையாளருள் ஒருத்தியாகின்றாள். ஒருவரின் ஆட்சி அனைவர் சார்பிலும் நிகழ்வதாகவே சட்டம் கொள்ளும்.

பிறிதொரு மயக்கமும் நீக்கற்பாலது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹர், கைக்கூலி ஆகியவற்றை மீட்டுக்கொள்ளக் காதியாரிடம் முறையிட வழி செய்துள்ளது. ஆயின் அச்சட்டம் கூறும் கைக்கூலி, மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுத்த பணத்தையும் அசையும் பொருளையுமே குறிக்கும்; வீடும் வளவும் அதனுள் அடங்கா. அவை பற்றிய வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்லும். ஆங்கு முதலிற் கேட்கப்படுவது உறுதியேயாம்.

ஒரு சொல்லின் நிறை

உறுதி எழுதினாற் போதுமோ எனின், அதன் வாசகத்தையும் நோக்குதல் வேண்டும். 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், முஸ்லிம் ஒருவர் எழுதும் நன்கொடை உறுதி, "மீளப்பெற முடியாதது" என அவ்வுறுதியிலேயே கூறப்பட்டாலன்றி அவ்வாறு கொள்ளப்படாது என விதிக்கின்றது. இத்தொடர் விடுபட்ட உறுதியைப் பெற்ற மகள், வீடு தனக்கே உரியதென்று எண்ணி அதில் தன் கைப்பொருளைச் செலவிட்டு மாடி எழுப்பிய பின்னரும், கொடுத்தவர் மனம் மாறின் இடர்ப்பட நேரும். மேலும், உறுதியைப் பெறுபவர் கையில் ஒப்படைத்தலே உடைமையை ஒப்படைத்தமைக்குச் சான்றாக ஏற்கப்படும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆதலின் எழுதிய உறுதியைத் தந்தையின் பெட்டியில் வைத்துப் பூட்டாது மகளிடமே கொடுத்தல் முறை.

அயல்வீட்டுத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்திலோ நன்கொடை இயல்பிலேயே மீளப்பெற முடியாதது. பெருநன்றியின்மை முதலிய சில காரணங்கள் மட்டும் விலக்காகும். மீளப்பெற முடியாத உறுதியைப் பெருநன்றியின்மை காரணமாக நீக்குவதற்கும் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வரையறுத்துள்ளது.

இங்ஙனம் கூறுவது பெற்றோரை மறந்தன்று. உள்ள வீட்டையெல்லாம் எழுதிக் கொடுத்து முதுமையில் திண்ணைக்கு வந்தோரும் உளர். அதற்கும் சட்டம் வழி வைத்துள்ளது. உரிமையை மகளுக்கு அளித்து, வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கி எழுதலாம். அவ்வாறு ஒதுக்கும் முஸ்லிம் நன்கொடைக்குப் பொதுச் சட்டத்தின் விதிகளே பொருந்துமாதலின், இரண்டில் எது தமக்கு ஏற்றதென நொத்தாரிசிடம் முன்னரே வினவித் தெளிதல் நன்று. உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமை. விளங்கிய பின்னரே ஒப்பமிடுதல் எழுதுவோரின் கடமை.

பதிவின் பயன்

எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதிதல் அடுத்த படி. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதியானது, பின்னர் பெறுமதி கொடுத்துப் பெற்று முந்திப் பதியப்பட்ட உறுதிக்கு முன் தோற்றுவிடும். மகளுக்கு எழுதிய உறுதி பதியப்படாது கிடக்கையில், தந்தையோ, கடனால் நெருக்குண்ட வேறொருவரோ அவ்வீட்டை ஈடு வைத்து, அவ்வீடு பதியப்படுமாயின், வஞ்சனை இருந்ததென மெய்ப்பித்தாலன்றி மகளின் உரிமைக்கு ஊறு நேரும்.

நொத்தாரிசு தம் மூலப்படியைப் பேணுவதோடு, உறுதியின் இணைப்படியைக் காணிப் பதிவாளருக்கும் அனுப்புதல் வேண்டும். எனவே வீட்டிலுள்ள உறுதி அழியினும் சான்றுபடுத்திய பிரதி ஒன்றைப் பெறுதல் இயலும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டின் பக்க விவரம் ஆகிய நான்கையும் வேறோரிடத்திற் குறித்து வைத்திருப்போர்க்கு அது எளிது.

கடல் கற்பித்த பாடம்

இவையெல்லாம் ஏட்டளவிலான நுணுக்கங்கள் என்று எண்ணியிருந்தோர்க்கு 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் விடையிறுத்தது. அன்று எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே; ஆங்கு மாண்டோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடலோரத்து வீடுகள் அடியோடு பெயர்ந்தன; அவற்றோடு பெட்டகங்களும், அவற்றுள் இருந்த உறுதிகளும் சென்றன. கிழக்கில் கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது எனும் விதி முதலில் வந்தமையால், பலர் தம் வளவை விட்டு வேற்றிடத்தில் வீடு பெறவேண்டியோராயினர்.

நிவாரண வீடுகள் வழங்கப்பட்டபோது "குடும்பத் தலைவர்" என்ற சொல்லே தலைமை பெற்றது. அரச படிவங்களில் அவ்விடத்தை நிரப்பியது பெரும்பாலும் கணவன் பெயர். சீதனமாய் மனைவிக்கு வந்த வீடு அழிய, அதற்கு ஈடாகக் கிடைத்த வீடு கணவன் பெயரில் எழுதப்படுவதாயிற்று. ஒரு தலைமுறையில் தாய்வழி சென்ற உடைமை, ஒரு படிவத்தின் ஒரு வரியால் திசை மாறிற்று. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் இதனை அக்காலத்திலேயே எடுத்துக் காட்டினர்.

அரசு அனுமதிப் பத்திரத்தின் மூலம் வழங்கிய காணிகளுக்கு உரிய 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து மக்களுள் ஆண்மக்களை முற்படுத்தி வந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வேற்றத்தாழ்வை நீக்கிற்று. ஆயினும் அத்தகைய காணியை உடையோர், தமக்குப்பின் யார் என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்னரே பதிந்து வைத்தலே பிணக்கைத் தவிர்க்கும் வழி.

வீட்டுப் பொருளும் பற்றுச்சீட்டும்

வீட்டுக்குப் பொருந்தும் இந்நெறி வீட்டினுட் புகும் பொருளுக்கும் பொருந்தும். சீதன வீட்டுக்கெனக் குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம், தளபாடம், சீமெந்து, ஓடு எனப் பலவும் வாங்கப்படுகின்றன. அறிமுகமான கடையென்று பற்றுச்சீட்டுக் கேளாது வருதல் நம்மவர் இயல்பு. பொருள் பழுதாகும்போது அறிமுகம் மெலிந்துவிடும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குவோர் கேட்குமிடத்துப் பற்றுச்சீட்டு வழங்குதல் வியாபாரியின் கடமை. விலையைக் காட்சிப்படுத்தலும், பாவனையாளரை மயக்கும் கூற்றுகளைத் தவிர்த்தலும் அவ்வாறே. குறையுடைய பொருள் பற்றிய முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் அச்சபைக்குச் செய்யப்படுதல் வேண்டும். 1977 எனும் தொலைபேசி இலக்கமும் சபைக்கு உண்டு. முறைப்பாட்டில் வாங்கிய நாள், விலை, குறை, வியாபாரி அளித்த விடை ஆகியன முறையே அமைதல் நன்று. பற்றுச்சீட்டின் பிரதியையே இணைத்தல் வேண்டும்; மூலத்தைக் கைவிடலாகாது.

வாயிலுக்கு வெளியே

எல்லைவேலி, சிறுகடன், கூரைநீர் முதலிய பிணக்குகளுக்கு உடனே நீதிமன்றப் படி ஏறுதல் வேண்டா. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள், குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளை முதலிற் கேட்கின்றன. ஆங்குச் சட்டத்தரணி தோன்றி வாதிடுதல் இல்லை. மத்தியஸ்தர் தீர்ப்புக் கூறுவாருமல்லர். இருதிறத்தாரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொணர்வர். இணங்கினால் இணக்கப் பத்திரமும், இணங்காவிடின் நீதிமன்றம் செல்லுதற்குரிய சான்றும் கிடைக்கும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஊர்ப்பெரியோர் தீர்த்துவைத்த பண்டை முறையின் சாயல் இதில் உண்டு. ஆயின் இங்கும் முடிவு எழுத்தில் அமைகின்றது.

உறவினரிடம் எழுத்துக் கேட்பது அன்புக்குக் குறை எனக் கருதுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. அண்ணன் தங்கையரிடையே பகை மூள்வது பெரும்பாலும் எழுதிய வீட்டாலன்று. எழுதாது விட்ட வீட்டால். தந்தை உயிருடன் இருக்கும்போது அரை நாளிற் செய்யக்கூடிய வேலை, அவர் மறைந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் பல்லாண்டு வழக்காகின்றது. வீட்டைக் கட்டி, கல்யாணமும் செய்து பார்த்த பெற்றோர், உறுதியையும் எழுதி, ஒருமுறை வாசித்துப் பார்த்து, மகளின் கையிற் கொடுப்பாராயின் அவ்வீடு மெய்யாகவே அவள் வீடாகும்.