மடிக்கணினிக்கு ஒரு துறைமுகம்

கப்பல் கடலில் ஓடுவதற்கென்றே கட்டப்படுகிறது. ஆயினும் சரக்கு இறக்கவும், எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவும் அது துறைக்கு வந்தே தீர வேண்டும். அவ்வாறு கப்பல் வந்து அணையும் இடத்தை ஆங்கிலத்தில் ‘டாக்’ என்பர். மடிக்கணினியும் ஊர் சுற்றுவதற்கென்றே பிறந்ததுதான். பையில் வைத்துக்கொண்டு எங்கும் செல்கிறோம். ஆனால் வீட்டில் மணிக்கணக்கில் அமர்ந்து வேலை செய்யும்போது அதற்கும் ஒரு துறை தேவைப்படுகிறது. பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ், இணையக் கம்பி, மின்சாரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கணினியோடு சேர்த்துவைக்கும் அந்தச் சிறு பெட்டிக்கே ‘டாக்கிங் ஸ்டேஷன்’ என்று பெயர். நாம் அதைச் சுருக்கமாக டாக் என்றே அழைப்போம்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகள் அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறின. பல வீடுகளில் அந்த ஏற்பாடு இன்னும் நீடிக்கிறது. பகலில் அப்பா அலுவலகக் கணினியோடு அமரும் அதே மேசையில், மாலையில் அக்கா தன் கல்லூரிக் கணினியோடு வந்து அமர்கிறாள். இத்தகைய வீடுகளில்தான் டாக் வாங்கும் பேச்சு எழுகிறது. கடைக்குச் சென்றாலோ, ஓரிரண்டாயிரம் ரூபாய்க்கும் ஒன்று உண்டு. அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் விலையிலும் ஒன்று உண்டு. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும்! விலை குறைந்ததை வாங்கிவிட்டு, திரை தெரியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. விலை உயர்ந்ததை வாங்கிவிட்டு, அதன் திறனில் பாதியைக்கூடப் பயன்படுத்த இயலாத கணினியை வைத்திருப்போரும் உண்டு. வீட்டுப் பணம் வீணாகாமல் இருக்க வழி யாது என்பதைக் கணினிக் கழக மாணவியராகிய நாங்கள் அறிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறோம்.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கழுத்து வலிக்காக மட்டும் டாக் வாங்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் கீல் போட்டு இணைக்கப்பட்டவை. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது; கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் தூக்கினால் தோள் உயர்கிறது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். அதை நாள்தோறும் பல மணி நேரம் முன்னால் தொங்கவிட்டால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? இதற்கு மருந்து எளியது. கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திற்கு வருமாறு வைத்து, தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொண்டால் போதும். புத்தகங்கள் அலமாரியில் தூங்குவதைவிட இது மேல் அல்லவா!

பெரிய திரை வேண்டும், ஒவ்வொரு நாளும் ஐந்தாறு கம்பிகளைச் செருகிப் பிடுங்கும் தொல்லை நீங்க வேண்டும் என்பவர்களுக்கே டாக் உதவும்.

டாக் புதுக் கண்டுபிடிப்பு அன்று. 1992இல் ஆப்பிள் நிறுவனம் ‘பவர்புக் டுவோ’ என்னும் மடிக்கணினியோடு ‘டுவோ டாக்’ என்ற பெட்டியையும் வெளியிட்டது. வீடியோ பெட்டி கேசட்டை விழுங்குவதுபோல் அது மடிக்கணினி முழுவதையும் விழுங்கிக்கொள்ளும். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனித்தனி வகை டாக். கணினியை மாற்றினால் டாக்கும் பழைய இரும்புக் கடைக்குத்தான். 2014இல் ‘யூ.எஸ்.பி. சி’ என்னும் சிறிய நீள்வட்டத் துளை வந்தபின் இந்நிலை மாறியது. 24 ஊசிகள் கொண்ட அதனுள் பிளக்கை எந்தப் பக்கமாகவும் செருகலாம். அந்த ஒரே துளை வழியாகச் செய்தி, படம், மின்சாரம் ஆகிய மூன்றும் செல்ல இயலும்.

‘இயலும்’ என்று சொன்னோமே தவிர, ‘செல்லும்’ என்று சொல்லவில்லை. ஏமாற்றங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் உள்ளது. துளையின் வடிவம் ஒன்றே. அதன் திறனோ கணினிக்குக் கணினி வேறு. சில கணினிகளில் அது செய்தியை மட்டுமே கடத்தும். அதில் டாக்கைச் செருகினால் விசைப்பலகை வேலை செய்யும், ஆனால் திரை இருட்டாகவே இருக்கும். சிலவற்றில் படம் செல்லும், மின்சாரம் ஏறாது. துளையருகே மின்னல் குறி இருந்தால் அது ‘தண்டர்போல்ட்’. டி என்னும் ஆங்கில எழுத்தை ஒத்த சின்னம் இருந்தால் படம் செல்லும் என்பதற்கு அடையாளம். பல நிறுவனங்கள் எக்குறியும் இடுவதில்லை. ஆதலால் கணினியின் அடிப்புறத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அத்துளையின் திறனைப் படித்தறிவதே நம்பத்தக்க வழி. டாக்கின் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முன்னர் இதைப் படிக்க வேண்டும்.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பெற்ற கணினியை இன்னும் பேணி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவை சி துளை பிறப்பதற்கு முந்தியவை. அவற்றிற்கு டாக் தேடி அலைய வேண்டாம். அதிலுள்ள எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. துளையிலிருந்து நேரே திரைக்கு ஒரு கம்பியும், மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் சாதாரண யூ.எஸ்.பி. ஹப் ஒன்றும் போதுமானவை.

இனி, படம் எவ்வாறு பயணம் செய்கிறது என்று நோக்குவோம். இதற்குச் சிறிது கணக்குப் போட வேண்டும். தோழியர் அஞ்ச வேண்டா. முழு எச்.டி. எனப்படும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட். 4கே எனப்படும் திரையிலோ 3840க்கு 2160 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு. அதற்கு நொடிக்கு 1,194 கோடி பிட் வேண்டும்.

சி துளைக்குள் விரைவாகச் செல்லும் நான்கு பாதைகள் உள்ளன. அவற்றை நான்கு வழிச் சாலை என்று எண்ணிக்கொள்ளலாம். விலை குறைந்த டாக்குகளில் பெரும்பாலும் இரண்டு வழி படத்திற்கும், இரண்டு வழி பென் டிரைவ் போன்றவற்றின் செய்திக்கும் பிரித்துத் தரப்படும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்னும் பழைய முறையில் ஒரு வழியில் நொடிக்கு 432 கோடி பிட் அளவே படம் செல்லும். இரு வழிக்கு 864 கோடி. 1,194 கோடி எப்படி இதில் அடங்கும்? அடங்காது. எனவே 60 முறைக்குப் பதில் 30 முறை மட்டுமே படம் புதுப்பிக்கப்படுகிறது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்தி வரும். கண் விரைவில் களைத்துவிடும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 என்னும் பிந்திய முறையில் இரு வழியிலேயே 1,296 கோடி பிட் செல்லும். 60 முறையும் கிட்டும். ஆகவே அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைக் கண்டு மயங்காமல், அருகே 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா, 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கணினியும் அம்முறையை அறிந்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

தண்டர்போல்ட் 4 என்பது 2020இல் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 4,000 கோடி பிட். இரண்டு 4கே திரைகளை 60 ஹெர்ட்ஸில் இயக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கணினியிலும் அத்துளை இருந்து, இரு பெரிய திரைகளும் தேவைப்பட்டால் இதைவிட நல்லது வேறில்லை. கணினியில் சாதாரண சி துளை மட்டும் இருந்தால் அவ்வளவு விலை கொடுப்பது வீண். பழைய தண்டர்போல்ட் 3 டாக்குகள் பல, சாதாரணத் துளையில் செருகினால் வேலையே செய்வதில்லை.

படம் கடத்தாத துளை உடையவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘டிஸ்ப்ளேலிங்க்’ என்னும் முறையில், கணினி படத்தைச் சுருக்கிச் சாதாரணச் செய்தியாக அனுப்ப, டாக் அதை விரித்துத் திரையில் காட்டும். இதற்குக் கணினியில் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். அதனால் கணினியின் மூளைக்கும் சற்று வேலை கூடும். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இது தாராளமாகப் போதும். விரைவான விளையாட்டுகளுக்கு ஏற்றதன்று. அலுவலகம் கொடுத்த கணினியில் புதிய மென்பொருளை நிறுவ அனுமதி இல்லாதிருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குவது நலம்.

ஆப்பிள் கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். 2020இல் வந்த எம்1, 2022இல் வந்த எம்2 ஆகியவற்றைக் கொண்ட மேக்புக் ஏர் கணினிகள் வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும். 2024இல் வந்த எம்3 மாடல், மூடியைச் சாத்திவைத்தால் இரண்டை ஏற்கும். 2025இன் எம்4 மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். மேலும், ஒரே படவழியை இரண்டாகப் பிரிக்கும் டாக்குகளில், விண்டோஸ் கணினி இரு திரைகளிலும் வெவ்வேறு படம் காட்டும். ஆப்பிள் கணினியோ இரண்டிலும் ஒரே படத்தையே காட்டும். அப்பாவிடம் ஒரு வகையும் மகளிடம் மற்றொரு வகையும் இருக்கும் வீட்டில், இதை அறியாமல் வாங்கினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மின்சாரத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பு இயற்பியலே நமக்குச் சொல்லிவிடும். சார்ஜரின் மேல் ‘20 வோல்ட், 3.25 ஆம்பியர்’ என்று இருந்தால், இரண்டையும் பெருக்க 65 வாட். டாக் கணினிக்குத் தரும் வாட் இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால், கடுமையான வேலையின்போது கம்பி செருகியிருந்தும் பேட்டரி இறங்கும். மிகுந்தால் ஆபத்து உண்டோ எனப் பெற்றோர் அஞ்சுவர். இல்லை. இரண்டும் முதலில் தமக்குள் பேசிக்கொண்டு, கணினி ஏற்கும் அளவுக்கே மின்சாரம் தரப்படுகிறது. சில டாக்குகளுக்குத் தனி அடாப்டர் உண்டு. சிலவற்றில் நம் சார்ஜரையே டாக்கில் செருக வேண்டும். அப்போது டாக் தன் பங்காகச் சில வாட்களை எடுத்துக்கொண்டு மீதியையே கணினிக்கு அளிக்கும். தரகு போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! எனவே 65 வாட் கணினிக்கு 65 வாட் சார்ஜர் இங்கே போதாமற் போகலாம்.

கம்பியையும் அலட்சியம் செய்யலாகாது. கைப்பேசி சார்ஜரோடு வந்த சி கம்பி, டாக்கின் கம்பியைப் போலவே தோன்றும். ஆனால் அவற்றுள் பல நொடிக்கு 48 கோடி பிட் மட்டுமே கடத்துபவை. அவற்றில் படமே வராது. டாக்கோடு வந்த கம்பியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைப்பது நலம். மற்றத் துளைகளைப் பொறுத்தவரை, இணையக் கம்பிக்கான துளை ஒன்று இருந்தால் நல்லது. கன்னியர் இல்ல அலுவலகத்தில் கணக்கு எழுதும் சகோதரிக்கு, சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையைவிடக் கம்பியே உறுதியானது.

நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி மின்வெட்டு. மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்; தனி அடாப்டரில் ஓடும் டாக்கும் பெரிய திரையும் உடனே அணைந்துவிடும். அந்நேரம் டாக்கில் செருகிய பென் டிரைவில் ஏதேனும் பதிவாகிக்கொண்டிருந்தால் கோப்பு கெட்டுப்போகக்கூடும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் டாக்கையும் திரையையும் அந்த இணைப்பிலேயே செருகலாம். இல்லாதவர்கள் முக்கியமான பதிவுகளை முதலில் கணினியிலேயே செய்துவிட்டு, பிறகு பென் டிரைவுக்கு மாற்றலாம்.

வாங்கும் நாளில் மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டில் உள்ளதைப் போன்ற திரையில் இணைத்துக் காட்டச் சொல்லி, அமைப்புப் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் தெரிகிறதா, பேட்டரிக் குறியில் சார்ஜ் ஏறுகிறதா, மவுஸ் நகர்கிறதா என ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள். கால் மணி நேரம் கணினி ஓடிக்கொண்டிருக்கட்டும். டாக் சற்றுச் சூடாவது இயல்பே, தொட முடியாத அளவு சுட்டால் வேண்டாம். இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்புவதற்கான கடைசி நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, பெட்டி வந்த அன்றே இவற்றைச் சோதித்துவிட வேண்டும்.