குழி தோண்டும் முன்பே பணம் கட்டிய ஆலந்தூர்

பரங்கிமலை அடிவாரத்தில், சென்னை விமான நிலையத்துக்கு அருகே இருக்கிறது ஆலந்தூர். இன்று அது சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. 2011 வரை தனி நகராட்சி. 1991 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1.25 லட்சம் பேர் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மழைநீர் போக வேண்டிய வாய்க்காலில் கழிவுநீர் தேங்கியது. கொசுவுக்குக் குறைவில்லை.

1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவரானார். பாதாளச் சாக்கடை போடலாம் என்று கணக்குப் பார்த்தபோது செலவு சுமார் 34 கோடி ரூபாய் வந்தது. நகராட்சியின் வரி வருமானத்தை வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அரசு மானியம் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை லாரிக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் நகராட்சி மக்களிடமே கேட்பது என்று முடிவெடுத்தது. இணைப்புக்கான வைப்புத்தொகையாக வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் 10,000 ரூபாய். இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம்.

அன்றைக்கு 5,000 ரூபாய் என்பது ஒரு பவுன் தங்கத்தின் விலையை விட அதிகம். பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் கைவைத்தால்தான் பல வீடுகளில் அது புரளும். அதுவும் எதற்கு? இன்னும் ஒரு குழிகூட வெட்டாத சாக்கடைக்கு. அரசு அலுவலகத்தில் முன்பணம் கட்டிவிட்டு அலைந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் ஆலந்தூர் கட்டியது.

இந்தக் கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். மக்கள் எப்படிக் கட்டினார்கள்?

முதலில் கேட்டார்கள். வீடுகளில் கணக்கெடுப்பு நடத்தி, திட்டம் வேண்டுமா, எவ்வளவு தர முடியும் என்று விசாரித்த பிறகுதான் தொகையை முடிவு செய்தார்கள். பிறகு குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டி, வார்டு வார்டாகப் பேசினார்கள். மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு, மாதக் கட்டணம் எதற்கு என்பதை மறைக்காமல் சொன்னார்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்: சாக்கடைத் திட்டத்துக்கு வந்த பணத்தை நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். தான் கட்டிய பணம் வேறு செலவுக்குப் போய்விடாது என்ற உறுதி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் கட்டச் சொல்லலாம். பத்தாயிரம் வீடுகள் கட்டினாலே 5 கோடி ரூபாய். இப்படிச் சேர்ந்த பணத்தைக் காட்டித்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்க முடிந்தது. கடன் கொடுப்பவருக்கு வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? 2000-இல் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையம் பெருங்குடியில், தனியார் கட்டி நடத்தும் முறையில் அமைந்தது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சொத்து வரி கட்டும் குடும்பம், அடிப்படை வசதிக்காக இன்னொரு முறை ஏன் பையில் கையை விட வேண்டும்? ஐயாயிரம் புரட்ட முடியாதவர் என்ன செய்வார்? வாடகைக்கு இருப்பவரின் குரல் எங்கே? எனவே பணம் கட்டுவதுதான் மக்கள் பங்கேற்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1997-98-இல் தொடங்கி, 2021-இல் மீண்டும் உயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் நகர்ப்புறப் பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும் என்பது பொது விதி. வசதியுள்ள தெரு பூங்கா வாங்கிக்கொள்ளும். வசதியில்லாத தெரு பார்த்துக்கொண்டிருக்கும். ஆலந்தூரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டியலை அல்ல, கணக்குச் சொன்ன முறையை.

அப்படிக் கணக்குக் கேட்பதற்கு இன்று சட்டப்படியே ஓர் இடம் இருக்கிறது. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு நெடுங்காலம் தாமதித்து, 2022-இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கு விதிகளை வெளியிட்டது. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அங்குள்ள வாக்காளர் எல்லோரும் அதில் வந்து பேசலாம். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்துக்குப் பகுதி சபை அப்படி. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளில் இந்தக் கூட்டங்கள் நடந்தபோது, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் ஸ்டாலினும் கலந்துகொண்டார்.

அதன் பிறகு நடந்த ஒரு கூட்டத்துக்கு, வேறொரு நகரத்தில், நானும் போயிருந்தேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குப்பை வண்டி என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அலுவலர் ஒருவர் நீள நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். “தம்பி, போன கூட்டத்துலயும் எங்க தெரு சின்னப் பாலம் உடைஞ்சு கெடக்குன்னு சொன்னேன். இதே மாதிரி எழுதிக்கிட்டீங்க. அந்த நோட்ட முதல்ல படிங்க.” அந்த நோட்டு அங்கே இல்லை. இது புதுசு. பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பாட்டி வருவாரா? வராவிட்டால், மக்களுக்கு ஆர்வமில்லை என்று யாராவது சொல்வார்கள். அது பொய். ஆர்வம் இருந்ததால்தான் இரண்டு தடவை வந்தார். கேட்டவர்கள் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் பாதாளச் சாக்கடைக்கு முன்பணம் கட்டியதற்கும், ஒரு பாட்டி பாதிக் கூட்டத்தில் எழுந்து போனதற்கும் நடுவில் இருப்பது அந்த நோட்டுதான்.

ஆகவே, உங்கள் பகுதியில் சபை கூடும் தேதியை மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். படிக்க மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு அழைத்துப் போங்கள்.