பொதுப் பேரேடும் தணிக்கை உரிமையும்

பிட்காயின் முறையில் கணக்குகளைப் பராமரிக்க மைய வங்கி எதுவும் இல்லை. 2009 ஜனவரி முதல் நடைபெற்ற பரிமாற்றங்கள் யாவும் தொகுதி தொகுதியாகப் பிணைக்கப்பட்ட பொதுப் பேரேட்டில் பதிவாகியுள்ளன. இவ்வமைப்பில் புதிதாகச் சேரும் கணினி, பேரேடு முழுவதையும் பிற கணினிகளிடமிருந்து பெற்று, தானே சரிபார்த்தல் வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் இப்பணி பெரும்பாலும் ஒரே கணினியிடமிருந்து, வரிசை முறையில் நடைபெற்றது. அக்கணினி மந்தமாக இயங்கினால் வேலை முழுவதும் தேங்கிற்று. 2015 பிப்ரவரியில் வெளியான பிட்காயின் கோர் 0.10 மென்பொருள் இக்குறையைப் பெரிதும் களைந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் 80 பைட் அளவே கொண்ட தலைப்பு உண்டு. முந்தைய தொகுதியின் அடையாளமும், கணிப்பு உழைப்பின் சான்றும் அதில் அடங்கும். புதிய முறையில் முதலில் தலைப்புகள் மட்டும் பெறப்பட்டு, சங்கிலியின் தொடர்ச்சி சோதிக்கப்படுகிறது. பின்னர் தொகுதிகள் பல கணினிகளிடமிருந்து ஒரே சமயத்தில் பெறப்படுகின்றன. தேக்கத்திற்குக் காரணமான கணினியின் தொடர்பு துண்டிக்கப்பட்டு, அதன் பங்கு பிறவற்றுக்கு ஒதுக்கப்படுகிறது.

வேகம் மட்டுமே இதன் பயனன்று. சரிபார்க்கும் செலவும் காலமும் மிகுமாயின், சாதாரணக் கணினி உடையோர் விலகுவர். கணக்கைச் சோதிக்கும் ஆற்றல் ஒரு சிலரிடம் குவியும். பேரேடோ நாள்தோறும் வளர்கிறது. நடுவர் இல்லாத ஓர் அமைப்பில், எவரும் தணிக்கை செய்ய இயல்வதே நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.