அப்பா ரொட்டி ஜெயித்தாரா?

ஒன்பதாம் வகுப்புத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘பிரெட்வின்னர்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கும்படி ஒரு வினா. ஒரு மாணவன் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், ‘என் அப்பா போட்டியில் ரொட்டி ஜெயித்தார்’ என்று வரும். சிரித்துவிட்டேன். தாள் கொடுக்கும்போது வகுப்பில் வாசித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு மூன்று வாரம் அவன் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை.

பிரெட் என்றால் ரொட்டி, வின்னர் என்றால் வென்றவர். நான் கற்பித்த இரண்டையும்தான் அவன் கூட்டியிருந்தான். ‘வின்’ என்பதற்கு உழைத்து ஈட்டுதல் என்ற பழைய பொருளும் உண்டென்று நான் சொன்னதே இல்லை.

ஆங்கிலேயர்க்கு ரொட்டி, நமக்குச் சோறு போல. ‘லார்ட்’ என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘ரொட்டியைக் காப்பவர்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல். ‘லேடி’ ரொட்டிக்கு மாவு பிசைபவர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சில் ‘டோ’, அதாவது பிசைந்த மாவு, பணத்தைக் குறித்தது. பின்னர் ‘பிரெட்’டும் பணமாயிற்று. டாலருக்குப் பேச்சுவழக்கில் ‘பக்’ என்கிறார்களே, அது ஆண்மான். வட அமெரிக்காவில் மான்தோலைக் கொடுத்துப் பண்டம் வாங்கிய காலத்தின் மிச்சம் அது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

இதையெல்லாம் பட்டியலாக எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்வார்கள், மறப்பார்கள். எனவே அடுத்த முறை தமிழில் தொடங்கினேன். “பணம், காசு, ரூபாய் என்ற சொற்கள் வராமல் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்றேன். ‘பசையுள்ள ஆளு’, ‘செலவு கையைக் கடிக்குது’, ‘யானை விலை குதிரை விலை’, ‘சுண்டைக்காய்’ என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதினேன். யானை விலைக்கு எதிரே, ஒரு கையும் ஒரு காலும் விலையாகக் கேட்கும் ‘ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்’. சுண்டைக்காய்க்கு எதிரே ‘பீனட்ஸ்’. அற்பக் கூலிக்கு அங்கே வேர்க்கடலை!

‘நெஸ்ட் எக்’ என்று எழுதியபோது யாருக்கும் புரியவில்லை. கூட்டில் இருக்கும் முட்டைக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு? கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவனேதான்.

“டீச்சர், எங்க அப்பத்தா கூடையில ஒரு முட்டைய விட்டுட்டுத்தான் மத்ததை எடுக்கும். அப்பத்தான் கோழி திரும்ப அங்கேயே வந்து முட்டை போடும்.”

அதேதான். ஆங்கில நாட்டுப் பண்ணைகளிலும் இதே வழக்கம் உண்டு. சில வீடுகளில் பீங்கான் முட்டையும் வைப்பார்கள். எடுக்காமல் விட்ட அந்த ஒற்றை முட்டைதான் பின்னர் பிற்காலத்துக்கென ஒதுக்கிய சேமிப்புக்குப் பெயரானது. என் விளக்கத்தைவிட அவன் அப்பத்தாவின் கூடை வகுப்புக்கு எளிதில் புரிந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் மாணவர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ‘டோ’, ‘பிரெட்’, ‘பக்’ மூன்றும் நண்பர்களிடையே பேசுவதற்கு. வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாது. ‘பிரெட்வின்னர்’, ‘நெஸ்ட் எக்’ இரண்டையும் கட்டுரையிலும் எழுதலாம்.